ஏழு நாட்டுக் கலகம், கி.மு. 154: பேரரசரையே மிரட்டிய வூ மன்னர்

கி.மு. 154-இன் தொடக்கம். ஹான் பேரரசின் தலைநகரான சாங்கானில் வட்டிக்கு விடுபவர்கள் கையை இறுக்கிக்கொண்டார்கள். கிழக்கே ஏழு சிற்றரசர்கள் பேரரசருக்கு எதிராகப் படை திரட்டியிருந்தார்கள். அவர்களை அடக்கப் புறப்பட்ட பிரபுக்களுக்கு வழிச்செலவுக்குப் பணம் தேவைப்பட்டது. ஆனால் அந்தப் பிரபுக்களுக்கு வருமானம் தரும் ஊர்கள் கலகம் நடக்கும் கிழக்கில்தான் இருந்தன. யார் ஜெயிப்பார்கள் என்றே தெரியாதபோது எதை நம்பிக் கடன் கொடுப்பது? வூயான் என்ற ஒரு குடும்பம் மட்டும் துணிந்து ஆயிரம் ஜின் பொன்னை (ஒரு ஜின் ஏறக்குறைய கால் கிலோ) எடுத்து நீட்டியது. வட்டி பத்து மடங்கு. மூன்று மாதத்தில் கலகம் அடங்கியது. ஒரே ஆண்டில் அந்தக் குடும்பம் தலைநகர் வட்டாரத்தின் பெரும்புள்ளி ஆகிவிட்டது.

வரலாற்றாசிரியர் சீமா சியான் பணக்காரர்களைப் பற்றிச் சொல்லும்போது போகிற போக்கில் எழுதிவைத்த செய்தி இது. எனக்கு இது போர்க்களக் குறிப்புகளைவிட முக்கியமாகப் படுகிறது. மூன்று மாதத்தில் முடிந்துபோன கலகம் என்பதால் பின்னால் வந்தவர்களுக்கு அது அரசவையின் சின்னத் தலைவலி போலத் தெரிகிறது. அன்று அங்கே இருந்து, லாப நட்டக் கணக்குப் பார்த்தே பிழைத்தவர்களுக்கு அப்படித் தெரியவில்லை. பேரரசு விழலாம் என்றுதான் அவர்கள் பெட்டியைப் பூட்டினார்கள். ஒரு சிற்றரசர் அந்த அளவுக்கு எப்படி வளர்ந்தார்? அப்படி வளர்ந்தவர் ஏன் ஒரு பருவம்கூடத் தாங்கவில்லை?

பாதி நாடு உறவுக்காரர்களுக்கு

லியூ பாங் கி.மு. 202-இல் பேரரசர் ஆனபோது அவர் கண்முன் ஒரு பாடம் இருந்தது. அவருக்கு முந்திய சின் பேரரசு மன்னர்களையெல்லாம் ஒழித்துவிட்டு, நாடு முழுவதையும் அதிகாரிகளை வைத்தே ஆண்டது. பதினைந்து ஆண்டுகூட ஓடவில்லை, சரிந்துவிட்டது. ஆபத்து வந்தபோது மாகாணங்களில் கைகொடுக்க அரச குடும்பத்து ஆள் ஒருவர்கூட இல்லை என்று அக்காலத்தவர் அதற்குக் காரணம் சொன்னார்கள். ஆகவே லியூ பாங் மேற்கை அரசவையின் நேரடி ஆட்சியில் வைத்துக்கொண்டு, கிழக்கை மன்னர்களுக்குப் பிரித்துக் கொடுத்தார். முதலில் அந்த மன்னர்கள் போரில் தோள்கொடுத்த தளபதிகள். பிறகு அவர்கள்மேல் சந்தேகம் வந்து, ஒவ்வொருவராகக் கழித்துக்கட்டிவிட்டு, தம்பி, மகன், அண்ணன் மகன் என்று தம் ரத்தத்தையே அந்த இடங்களில் உட்காரவைத்தார். கி.மு. 195-இல் அவர் இறக்கும்போது சாங்ஷா மன்னர் ஒருவர்தான் வெளியாள். லியூ குடும்பத்தில் பிறக்காதவன் எவன் மன்னனானாலும் எல்லோரும் சேர்ந்து அவனை அடிக்க வேண்டும் என்று வெள்ளைக் குதிரையைப் பலிகொடுத்துச் சத்தியமும் வாங்கியிருந்தார்.

இந்த ஏற்பாட்டில் அரசவைக்கு நேரடியாக இருந்தவை 15 மாவட்டங்கள். மன்னர்களிடம் இருந்தவை அதைவிட இரு மடங்குக்கும் மேல். மன்னர்களுக்குத் தனி அரண்மனை, தனி அதிகாரிகள், தனி வரி, தனிப் படை. முதலமைச்சரை மட்டும் சாங்கான் அனுப்பிவைக்கும். அண்ணன் தம்பியாக இருக்கும்வரை இது நன்றாகவே ஓடியது. பங்காளிகளின் பேரன்மார் காலம் வந்ததும் இடிக்கத் தொடங்கியது.

குவாங்லிங்கின் கஜானா

கதையின் நடுநாயகம் லியூ பீ. லியூ பாங்கின் அண்ணன் மகன். இவருடைய தந்தை வடக்கு எல்லையில் மன்னராக இருந்து, சியோங்னுக்கள் என்ற வடக்கு நாடோடிகள் படையெடுத்தபோது நாட்டைப் போட்டுவிட்டு ஓடிவந்த மனிதர். மகனோ நேர் எதிர். இருபது வயதில் குதிரைப்படைத் தளபதியாகச் சிற்றப்பாவோடு போருக்குப் போய்ப் பெயர் வாங்கினார். யாங்சி ஆற்றின் கீழ்ப்பகுதி மக்கள் முரட்டுத்தனமானவர்கள், அவர்களை அடக்க ஒரு வாட்டசாட்டமான ஆள் வேண்டும் என்று கி.மு. 195-இல் இவரை வூ நாட்டுக்கு மன்னராக்கினார் லியூ பாங். மூன்று மாவட்டங்கள், 53 நகரங்கள். தலைநகர் குவாங்லிங், இன்றைய யாங்ஜோ.

முத்திரையைக் கொடுத்த பிறகு லியூ பாங் இவர் முகத்தைப் பார்த்தாராம். "உன் முகத்தில் கலகக்களை இருக்கிறதே" என்று சொல்லி, முதுகில் தட்டி, "ஐம்பது ஆண்டு கழித்துத் தென்கிழக்கில் கலகம் வரும் என்கிறார்கள், அது நீதானோ? நாமெல்லாம் ஒரே குடும்பம், வேண்டாமப்பா" என்றாராம். இளைஞர் தரையில் தலை வைத்து, "அப்படிச் செய்யத் துணியமாட்டேன்" என்றாராம். நடந்தபிறகு யாரோ உட்கார்ந்து எழுதிய ஜோசியம் என்ற வாசனை இதில் பலமாகவே அடிக்கிறது.

ஜோசியத்தை விட்டுவிட்டு வரவு செலவைப் பார்ப்போம். வூ நாட்டில் செப்பு மலை இருந்தது, கடற்கரை இருந்தது. லியூ பீ மற்ற மாவட்டங்களிலிருந்து தப்பி ஓடிவந்தவர்களைச் சேர்த்துக்கொண்டு, மலையில் செம்பு வெட்டிக் காசு அடித்தார், கடல்நீரைக் காய்ச்சி உப்பு எடுத்தார். கி.மு. 175-இல் வென் பேரரசர் தனியாரும் காசு அடிக்கலாம் என்று அனுமதித்தபோது வூ நாட்டுக் காசு பேரரசு முழுவதும் புழங்கத் தொடங்கியது. உள்நாட்டுப் பகுதிகளுக்கு உப்பு இல்லாமல் முடியாது, சந்தைக்குக் காசு இல்லாமல் முடியாது. இரண்டும் ஒருவர் கையில்.

அந்தப் பணத்தை அவர் செலவழித்த விதத்தில்தான் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. குடிமக்களிடம் தலைவரி வாங்கவில்லை. அரசுக்காகக் கட்டாய ஊழியம் செய்தவர்களுக்குச் சந்தை விலைப்படி கூலி கொடுத்தார். பண்டிகைக் காலங்களில் ஊர் ஊராக ஆள் அனுப்பித் திறமைசாலிகளை விசாரித்து, வெகுமதி கொடுத்தார். வேறு மாவட்டத்து அதிகாரிகள் குற்றவாளியைத் தேடி வந்தால் ஒப்படைக்கமாட்டார். நாற்பது ஆண்டு இப்படி நடந்தால், வூ நாட்டுக் குடிமகனுக்குச் சாங்கான் எதற்கு? அவனுக்கு அரசு என்றால் குவாங்லிங்தான்.

மேலிடம் அனுப்பும் முதலமைச்சர் இதையெல்லாம் தடுத்திருக்க வேண்டாமா? யுவான் ஆங் என்பவர் அந்தப் பதவிக்குக் கிளம்பியபோது அவருடைய அண்ணன் மகன் சொன்ன புத்திமதி சீமா சியானிடம் இருக்கிறது. அங்கே தப்புத்தண்டா நிறைய நடக்கிறது. நீங்கள் தோண்டித் துருவினால் ஒன்று உங்கள்மேல் பெட்டிஷன் போவார்கள், இல்லையென்றால் வாளால் குத்துவார்கள். தினமும் குடித்துக்கொண்டு, அவ்வப்போது 'கலகம் மட்டும் செய்துவிடாதீர்கள்' என்று மன்னரிடம் சொல்லிக்கொண்டு இருங்கள், போதும். யுவான் ஆங் அப்படியே செய்தார், மன்னரும் அவரை நன்றாகக் கவனித்துக்கொண்டார். பேரரசின் கண்காணிப்பு அந்த லட்சணத்தில் இருந்தது.

ஆட்டப்பலகையால் விழுந்த அடி

வென் பேரரசர் காலத்தில் லியூ பீயின் பட்டத்து மகன் சாங்கானுக்கு வந்திருந்தான். பேரரசரின் பட்டத்து மகன் லியூ சியுடன் உட்கார்ந்து குடித்துக்கொண்டே லியூபோ ஆடினான். குச்சிகளை வீசிக் காய் நகர்த்தும் ஆட்டம் அது. காய் போகும் வழியைப் பற்றித் தகராறு வந்தது. வூ இளவரசன் மரியாதை இல்லாமல் பேசினான். லியூ சி ஆட்டப்பலகையைத் தூக்கி அடித்தான். அடி பட்டவன் செத்துப்போனான்.

உடலை வூ நாட்டுக்கு அனுப்பினார்கள். லியூ பீ அதை வாங்கிக்கொள்ளவில்லை. "எல்லாம் ஒரே குடும்பம்தானே. சாங்கானில் செத்தவனைச் சாங்கானிலேயே புதையுங்கள், இங்கே ஏன் கொண்டுவந்தீர்கள்?" என்று திருப்பி அனுப்பினார். சிற்றப்பாவின் சொல்லையே எடுத்து வீசியிருக்கிறார் என்று படிக்கும்போதே தெரிகிறது. அதற்குப் பிறகு உடம்பு சரியில்லை என்று சொல்லி அரசவைக்கு வருவதை நிறுத்தினார்.

வென் பேரரசர் முதலில் வூ தூதர்களைப் பிடித்து விசாரித்தார். பிறகு ஒரு தூதர், "ஆழக் குளத்து மீனையெல்லாம் எட்டிப் பார்ப்பது நல்ல சகுனம் இல்லை" என்று நயமாகச் சொன்னபின், தூதர்களை விட்டுவிட்டு, முதியவர்களுக்குத் தரும் சாய்மணையும் ஊன்றுகோலும் லியூ பீக்கு அனுப்பி, வயதாகிவிட்டது, இனி வரவேண்டாம் என்று மன்னித்தார். இதைப் பலவீனம் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த ஊன்றுகோல் ஏறக்குறைய இருபது ஆண்டு அமைதியை வாங்கிக்கொடுத்தது, செலவு ஒன்றும் இல்லை.

அதே காலத்தில் ஜியா யீ என்ற இளம் அறிஞர் பேரரசருக்கு ஒரு மனு எழுதினார். நாட்டின் நிலை வீங்கிய உடம்பு மாதிரி, கணுக்கால் இடுப்பு அளவும் விரல் தொடை அளவும் ஊதியிருக்கிறது என்றார். அவர் சொன்ன வழி எளிமையானது: மன்னர்களை ஒழிக்க வேண்டாம், பெருக்குங்கள். ஒரு நாட்டை மகன்கள் அத்தனை பேருக்கும் பிரித்துக் கொடுத்தால் யாருக்கும் கோபம் வராது, யாருக்கும் பலமும் இருக்காது. ஜியா யீ கி.மு. 168-இல் முப்பத்து மூன்று வயதில் இறந்துபோனார். நான்கு ஆண்டு கழித்து வென் பேரரசர் சீ நாட்டை ஆறாகவும் ஹுவாய்நான் நாட்டை மூன்றாகவும் பிரித்தபோது அந்த யோசனையைத்தான் கடைப்பிடித்தார். வூ நாட்டின்மேல் கைவைக்கவில்லை.

சாவ் சுவோ போட்ட கணக்கு

கி.மு. 157-இல் வென் இறந்தார். பலகையால் அடித்த அதே லியூ சி, ஜிங் பேரரசர் ஆனார். அவருடைய பழைய ஆசிரியர் சாவ் சுவோவின் கை ஓங்கியது. சாவ் சுவோவின் வாதம் இன்றைக்குப் படித்தாலும் கூர்மை குறையவில்லை: வூ மன்னரின் நிலத்தைக் குறைத்தாலும் கலகம் செய்வார், குறைக்காவிட்டாலும் செய்வார். குறைத்தால் சீக்கிரம் செய்வார், சேதம் குறைவு. விட்டுவைத்தால் தாமதமாகச் செய்வார், சேதம் பெரிது.

அரசவை குற்றம் கண்டுபிடித்து நிலத்தைப் பிடுங்கத் தொடங்கியது. பேரரசரின் பாட்டியார் இறந்த துக்க காலத்தில் சூ மன்னர் பெண் தொடர்பு வைத்திருந்தார் என்று ஒரு மாவட்டம் போனது. ஜாவோ மன்னருக்கு ஒரு மாவட்டம் போனது. ஜியாவ்சி மன்னர் பட்டங்களை விற்றதில் மோசடி செய்தார் என்று ஆறு வட்டங்கள் போயின. அடுத்து வூ. அங்கே பிடுங்க உத்தரவிட்டவை கடலோரக் குவைஜியும் செப்பு மலை இருந்த மாவட்டமும். லியூ பீயின் கஜானாவின் அடிமடியிலேயே கைவைத்தாகிவிட்டது.

சாவ் சுவோவின் ஊரிலிருந்து அவருடைய தந்தை கிளம்பி வந்தார். "பேரரசர் இப்போதுதான் பதவிக்கு வந்திருக்கிறார். நீ மன்னர்களின் நிலத்தைப் பிடுங்கி ரத்த உறவுகளைப் பிரிக்கிறாய். ஊரே உன்னைத் திட்டுகிறது, எதற்கு இது?" என்று கேட்டார். இப்படிச் செய்யாவிட்டால் பேரரசருக்கு மதிப்பு இராது என்றார் மகன். "லியூ குடும்பம் பிழைத்துக்கொள்ளும், நம் குடும்பம் அழிந்துவிடும். நான் போகிறேன்" என்று சொல்லிவிட்டுக் கிழவர் விஷம் குடித்தார். பத்துப் பதினைந்து நாளில் கலகம் வெடித்தது.

சாவ் சுவோவின் தர்க்கத்தில் ஓட்டை இல்லை. செயல்படுத்திய வரிசையில்தான் இருக்கிறது. சின்ன மன்னர்களைச் சீண்டிவிட்டு, எல்லாரிலும் பலசாலியைக் கடைசிக்கு வைத்தால், அவருக்குக் கூட்டாளிகளை நாமே சேர்த்துக் கொடுத்ததாக ஆகும். லியூ பீ ஜியாவ்சி மன்னரை இழுக்க ஆள் அனுப்பியபோது அந்தத் தூதர் சொன்ன பழமொழி, "உமியை நக்குகிறவன் அரிசிக்கும் வருவான்." வேறு பேச்சே தேவைப்படவில்லை. அதன்பின் லியூ பீயே நேரில் போய் உடன்பாடு செய்துகொண்டார். சாவ் சுவோ பிடுங்காமல் இருந்திருந்தால் ஜியாவ்சியும் சூவும் அந்தப் பக்கம் சாய்ந்திருப்பார்களா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

பொன் வாக்குறுதி, இரண்டு லட்சம் ஆள்

வூ, சூ, ஜாவோ, ஜியாவ்சி, ஜியாவ்தோங், ஸிச்சுவான், ஜினான் என்று ஏழு நாடுகள் எழுந்தன. லியூ பீ தம் நாட்டில் போட்ட உத்தரவு இது: "எனக்கு வயது 62, நானே படை நடத்துகிறேன். என் கடைசி மகனுக்கு 14, அவனும் முன்வரிசையில் வருகிறான். என் வயதுக்கும் அவன் வயதுக்கும் இடையில் இருக்கும் எல்லோரும் கிளம்புங்கள்." இரண்டு லட்சத்துக்கும் மேல் ஆள் திரண்டார்கள். மற்ற மன்னர்களுக்கு எழுதிய கடிதத்தில் எதிரித் தளபதியைக் கொன்றாலோ பிடித்தாலோ 5,000 ஜின் பொன்னும் 10,000 வீடுகளின் வருமானமும் என்று பரிசுப் பட்டியல் போட்டார். "என் பொன் நாடெங்கும் கிடக்கிறது, வூவுக்கு வந்துதான் வாங்க வேண்டும் என்பதில்லை. நீங்கள் இரவு பகலாகச் செலவழித்தாலும் தீராது" என்றும் எழுதினார். எந்தப் பேரரசராலும் அன்று அப்படி எழுதியிருக்க முடியாது.

வெளியே சொன்ன காரணம் சாவ் சுவோவை ஒழிப்பது. பேரரசருக்கு எதிராக ஒன்றும் இல்லை, பக்கத்தில் இருக்கும் கெட்டவனை அகற்றத்தான் வருகிறோம் என்றார்கள். சாவ் சுவோவின் பரம எதிரியாகிவிட்டிருந்த யுவான் ஆங், அதே குடிகார முதலமைச்சர், பேரரசரைத் தனியாகச் சந்தித்து, சாவ் சுவோவின் தலையைக் கொடுத்துவிட்டால் படை திரும்பிவிடும் என்றார். ஜிங் ஒப்புக்கொண்டார். சாவ் சுவோவை வண்டியில் ஏற்றிச் சந்தை வழியாக ஊர்வலம் போவதாகச் சொல்லி அழைத்துப்போய், கிழக்குச் சந்தையில் அரசவை உடையோடேயே வெட்டினார்கள். செய்தியைச் சொல்ல யுவான் ஆங் வூ பாசறைக்குப் போனார். லியூ பீ சிரித்தார். "நான்தான் இப்போது கிழக்குப் பேரரசர் ஆகிவிட்டேனே, இனி யாருக்கு வணங்குவது?"

போர்முனையிலிருந்து திரும்பிய தெங் என்ற அதிகாரி பேரரசரிடம் உடைத்துச் சொன்னார்: அவர்கள் பல பத்தாண்டாகத் திட்டம் போட்டவர்கள். நீங்கள் சாவ் சுவோவைக் கொன்று உள்ளே விசுவாசிகளின் வாயை அடைத்தீர்கள், வெளியே மன்னர்களின் பழியைத் தீர்த்துவைத்தீர்கள். ஜிங் வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எனக்கும் வருத்தம்தான்" என்றார்.

லியாங் சுவர்

படைத்தலைவர் ஜோ யாஃபூ. கிளம்பும் முன்பே பேரரசரிடம் திட்டத்தைச் சொல்லி அனுமதி வாங்கியிருந்தார்: சூ வீரர்கள் வேகமானவர்கள், நேருக்கு நேர் மோதக்கூடாது. லியாங் நாட்டை அவர்களுக்கு விட்டுவிடுவோம், நாம் அவர்களின் சோற்றுப் பாதையை அறுப்போம். லியாங் மன்னர் ஜிங் பேரரசரின் கூடப்பிறந்த தம்பி, ஒரே தாய் வயிற்றுப் பிள்ளை. அவரை முட்டுக்கட்டையாகப் போடச் சம்மதித்தபோது ஜிங் மனதில் என்ன இருந்தது என்று ஊகிப்பது கடினமில்லை. லியாங்கும் செல்வாக்கான, தாயாரின் செல்லத்தால் தலைகொழுத்த நாடுதான்.

வூ சூ படை லியாங்கின் ஜிபியில் பல பத்தாயிரம் பேரைக் கொன்றுவிட்டுத் தலைநகர் சுய்யாங்கைச் சுற்றியது. இன்றைய ஷாங்ச்சியூ அது. தம்பி நாள்தோறும் உதவி கேட்டு ஆள் அனுப்பினார். வடகிழக்கே சாங்யீயில் மதிலுக்குள் உட்கார்ந்திருந்த ஜோ யாஃபூ அசையவில்லை. பேரரசரே உத்தரவு அனுப்பியும் போகவில்லை. ஆனால் இலகுவான குதிரைப்படையை அனுப்பி, ஹுவாய் ஆறும் ஸீ ஆறும் கூடும் இடத்தில் வூ படையின் தானியப் பாதையை வெட்டினார்.

லியாங்கை உடைக்க முடியாமல், சாப்பாடும் இல்லாமல், வூ படை சியாயீயில் ஜோ யாஃபூவின் பாசறையை முட்டியது. ஒரு ராத்திரி பாசறைக்குள் திடீர்ப் பீதி கிளம்பி, வீரர்கள் தங்களுக்குள்ளேயே அடித்துக்கொண்டு தளபதியின் கூடாரம் வரை வந்துவிட்டார்கள். ஜோ யாஃபூ படுக்கையை விட்டு எழவில்லை. கொஞ்ச நேரத்தில் தானாக அடங்கியது. பிறகு எதிரிகள் தென்கிழக்கு மூலையைத் தாக்கியபோது வடமேற்கைக் காவல் காக்கச் சொன்னார். உண்மையான தாக்குதல் வடமேற்கில்தான் வந்தது. பசியால் தளர்ந்த வூ படை பின்வாங்கியது, துரத்தி நொறுக்கினார்கள். சூ மன்னர் தற்கொலை செய்துகொண்டார். லியூ பீ சில ஆயிரம் பேருடன் யாங்சியைத் தாண்டித் தென்கிழக்குக் கடலோரத் தோங்ஓவ் மக்களிடம் அடைக்கலம் போனார். அவருடைய பாணியிலேயே ஹான் அரசவை அவர்களுக்குப் பணம் கொடுத்தது. படையைப் பார்க்க வெளியே வந்தவரை ஈட்டியால் குத்திக் கொன்று தலையை அனுப்பினார்கள்.

கடைசிக் கணக்கில், எதிரிகளைக் கொன்றதிலும் பிடித்ததிலும் லியாங்குக்கும் பேரரசுப் படைக்கும் ஏறக்குறையச் சரிபாதி. சிற்றரசரின் கலகத்தைப் பாதி அடக்கியது இன்னொரு சிற்றரசர்.

யாரையும் நம்பாதவர்

வூ தரப்பில் நல்ல யோசனை இல்லாமல் போகவில்லை. தியான் லூபோ என்ற தளபதி 50,000 பேரோடு ஆற்று வழியாக மேற்கே போய், தெற்கு வாசலான வூ கணவாய் வழியே தலைநகர் வட்டாரத்துக்குள் நுழைகிறேன் என்றார். இறந்தவனுக்குப் பின் வந்த பட்டத்து மகன் குறுக்கிட்டான்: நாமே கலகக்காரர்கள், படையை இன்னொருவனிடம் கொடுத்தால் அவன் நமக்கு எதிராகக் கலகம் செய்தால்? யோசனை செத்தது. ஹுவான் என்ற இளம் தளபதி வேறொன்று சொன்னார்: நம்மிடம் காலாட்கள், அவர்களிடம் தேரும் குதிரையும். சமவெளியில் நின்றால் தொலைந்தோம். வழியில் உள்ள நகரங்களை விட்டுவிட்டு நேராக லுவோயாங் ஆயுதக் கிடங்கையும் ஆவோ தானியக் களஞ்சியத்தையும் பிடியுங்கள். சின்னப் பையன் பேச்சு என்று மூத்தவர்கள் ஒதுக்கினார்கள்.

ஜோ சியூ என்ற கள் விற்றவருக்கு லியூ பீ பதவியே கொடுக்கவில்லை. ஒரு ஹான் அதிகாரச் சின்னத்தை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு போன அந்த மனிதர், சொந்த ஊரான சியாபியில் ஒரே இரவில் 30,000 பேரைத் திரட்டினார். வடக்கே செங்யாங் போய்ச் சேரும்போது ஆள் ஒரு லட்சம். வூ தோற்ற செய்தி கேட்டுத் திரும்பும் வழியில் முதுகில் கட்டி வந்து இறந்தார். விலைக்கு ஆள் சேர்த்துப் பழகிய லியூ பீக்கு, விலை பேசாமல் வந்தவனை என்ன செய்வது என்று தெரியவில்லை. நாற்பது ஆண்டு சேர்த்த பொன் இருந்தும், படையில் பாதியை ஒப்படைக்க ஒரு ஆள் அவரிடம் இல்லை.

பிறகு நடந்தவை

ஜாவோ மன்னர் சியோங்னு உதவிக்குக் காத்திருந்து, அது வராமல், தற்கொலை செய்துகொண்டார். மற்ற நாலு பேரும் பிழைக்கவில்லை. கலகத்தில் சேராமல் தம் நகரைக் காத்த சீ மன்னர்கூட, முன்பு ரகசியமாகப் பேசியது வெளியே வந்ததால் விஷம் குடித்தார். கி.மு. 145-இல் ஜிங், மன்னர்கள் இனி நாட்டை ஆளக்கூடாது, அதிகாரிகளை அரசவையே நியமிக்கும் என்று சட்டம் போட்டார். அடுத்த ஆண்டு தனியார் காசு அடித்தால் மரண தண்டனை என்றார். லியாங் மன்னர் அந்த ஆண்டு இறந்தபோது அவர் நாட்டை ஐந்து மகன்களுக்கும் ஐந்தாகப் பிரித்துக் கொடுத்தார்கள். ஜோ யாஃபூவின் மகன் தந்தையின் கல்லறைக்கென்று 500 கவசங்கள் வாங்கியது பெரும் வழக்காகி, உயிரோடு கலகம் செய்யாவிட்டாலும் செத்த பிறகு மண்ணுக்கடியில் செய்வீர்கள்போல என்று விசாரணை அதிகாரி கேட்டார். சிறையில் ஐந்து நாள் பட்டினி கிடந்து அந்தத் தளபதி இறந்தார்.

வூ நிலத்தில் ஜிங்கின் மகன் லியூ ஃபெய் ஜியாங்து மன்னராக உட்கார்ந்தார். ஜியாங்சு மாகாணம் சூயீயில் 2009 முதல் தோண்டிய அவருடைய கல்லறையில் வண்டிகளும் ஆயுதங்களும் பச்சைக்கல் வேலைப்பாடுகளும் குவியலாகக் கிடைத்தன. ஆடம்பரத்துக்குக் குறைவில்லை. அதிகாரம்தான் போயிருந்தது.

கி.மு. 127-இல் ஜிங்குக்கு அடுத்து வந்த வூ பேரரசர் (வூ நாட்டோடு இந்தப் பெயருக்குச் சம்பந்தமில்லை), ஜூஃபூ யான் என்பவர் சொன்னபடி, மன்னர்கள் தம் நிலத்தை எல்லா மகன்களுக்கும் பிரித்துக் கொடுக்க வழிசெய்தார். ஜியா யீ சொன்னதும் இதுவேதான். இளைய மகன்கள் வாழ்த்தினார்கள், மூத்தவர்களால் மறுத்துப் பேச முடியவில்லை. உப்பும் இரும்பும் அரசின் ஏகபோகமாயின, காசு அடிக்கும் உரிமையும் தலைநகருக்கே வந்தது. கி.மு. 112-இல் முன்னோர் வழிபாட்டுக்குச் செலுத்திய பொன் எடை குறைவு, தரம் மட்டம் என்று சொல்லி 106 பிரபுக்களின் பட்டத்தை ஒரே அடியாகப் பறித்தார்கள். படை திரட்ட அவர்களில் யாரிடமும் உப்பும் இல்லை, செம்பும் இல்லை.